நாடி அறிந்த நாதமேதை ஆபிரகாம் பண்டிதர்

கொடைரோடு இரயில் நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வகுப்பில் ஆசிரியை பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வேளையில் தொலைவில் அந்தத் தடதடப்பு எழுந்தால் போதும். யாரும் சொல்லாமலே எங்கள் விரல்கள் மேசைமீது தாளம் போடத் தொடங்கிவிடும். வண்டி வேகம் எடுத்தால் விரலும் வேகம் எடுக்கும். வண்டி மதுரைப் பக்கம் மறைந்து ஓசை தேய்ந்தால் விரலும் ஓயும். ஓசைக்கும் உடலுக்கும் இடையே இப்படி ஓர் உறவு இருப்பது எதனால்?

இந்தக் கேள்வி எங்களுக்கு இவ்வாண்டு முக்கியமாகிவிட்டது. நாங்கள் பத்தாம் வகுப்பிற்கு வந்துவிட்டோம். பொதுத்தேர்வு எதிரில் நிற்கிறது. பாடகர் குழுவில் பாடிப் பழகும் நேரத்தில் நாலு கணக்குப் போட்டால் நல்லதல்லவா என்று எங்கள் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியில் தவறில்லை. நம்மீது கொண்ட அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு விடை சொல்லவேண்டிய கடமை பாடுகிற எங்களுக்கு உண்டு. விடையைத் தேடிப் புறப்பட்டபோது, நமக்கு அருகில் உள்ள திண்டுக்கல் நகரத்தில் படித்து, அங்கேயே வயலின் பழகி, பிற்காலத்தில் பேரும் புகழும் பெற்ற ஒரு பெரியவரின் வாழ்க்கை எங்கள் கண்ணில் பட்டது. அவர் மருத்துவர், இசை ஆராய்ச்சியாளரும் அவரே. அவர்தாம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

பிறப்பும் இளமையும்

அன்றைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், சாம்பவர் வடகரை என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் என்னும் கிறிஸ்தவப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார் ஆபிரகாம். செல்வம் கொழித்த குடும்பம் அன்று. ஆயினும் படிக்கவேண்டும் என்னும் ஆர்வம் அச்சிறுவனிடம் குறைவின்றி இருந்தது. ஊர்ப் படிப்பு முடிந்ததும், ஆசிரியர் பயிற்சி பெறுவதற்காகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். பயிற்சியை முடித்த பின் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அக்காலத் திண்டுக்கல்லை நாம் சற்றே கற்பனை செய்து பார்ப்போம். திருச்சியிலிருந்து மதுரைக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது 1875ஆம் ஆண்டில். எனவே, நாம் இன்று கேட்கும் இரயில் ஓசை திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடியில் முதன்முதலாக எழுந்த காலமும், இளைஞர் ஆபிரகாம் அந்நகரில் வாழ்ந்த காலமும் ஒன்றேயாகும்.

பள்ளி வேலை முடிந்தால் சும்மா இருப்பவர் அல்லர் அவர். புகைப்படம் எடுக்கும் கலை அப்போது புதிது, அதைக் கற்றார். அச்சுத் தொழிலைக் கற்றார். சோதிடமும் பயின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, திண்டுக்கல்லில் வாழ்ந்த சடையாண்டி பத்தர் என்னும் இசைவாணரிடம் சென்று வயலின் வாசிக்கப் பயின்றார். பிற்காலத்தில் தமிழிசைக்கே பெரும் தொண்டு செய்த விரல்கள் முதன்முதலில் சுருதி சேர்த்தது நம் திண்டுக்கல்லில் என்று எண்ணும்போது எங்கள் உள்ளம் பெருமிதம் கொள்கிறது.

மலையில் கற்ற மருத்துவம்

இசையைப் போலவே மூலிகைகளும் அவர் மனத்தைக் கவர்ந்தன. பச்சிலைகளைத் தேடி மலைகளில் அலைந்தார். இன்றைய தேனி மாவட்டத்திலுள்ள சுருளிமலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடம் சித்த மருத்துவ முறைகளைக் கற்றார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்தக் குருவின் பெயரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தம் மருத்துவமனைக்கும், தாம் எழுதிய நூலுக்கும் கருணை என்னும் சொல்லில் தொடங்கும் பெயர்களையே சூட்டினார்.

1882ஆம் ஆண்டில் பொன்னம்மாள் என்னும் நங்கையை மணந்தார். பின்னர் இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் கணவரும் மனைவியும் ஆசிரியப் பணி செய்தனர். பெண்கள் கல்வி கற்பதே அரிதாயிருந்த அந்நாளில், பெண்களுக்குப் பாடம் சொல்லித் தந்த தம்பதியர் இவர்கள் என்பதை மாணவியராகிய நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

பள்ளி முடிந்த நேரத்தில் தேடி வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துவந்தார் ஆபிரகாம். நாளடைவில் நோயாளிகளின் கூட்டம் பெருகியது. 1890ஆம் ஆண்டளவில் ஆசிரியப் பணியை விட்டு, முழுநேர மருத்துவர் ஆனார். கருணாநிதி வைத்தியசாலை என்று தம் மருத்துவமனைக்குப் பெயரிட்டார். அவர் தயாரித்த கோரோசனை மாத்திரைகள் இந்தியாவின் பல பகுதிகளுக்கும், இலங்கை, பர்மா போன்ற நாடுகளுக்கும் சென்றன. தஞ்சைக்கு வெளியே பெரிய தோட்டம் அமைத்து மூலிகைகளும் கரும்பும் பிற பயிர்களும் வளர்த்தார். மக்கள் அவரை அன்போடு பண்டிதர் என்று அழைத்தனர். 1909ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு இராவ் சாகிப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

நாடியின் நடை

சித்த மருத்துவருக்கு முதற்கருவி அவருடைய மூன்று விரல்களே. நோயாளியின் மணிக்கட்டில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் மெல்ல வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்று நாடிகளையும் அறிவார். வாதநாடி கோழியைப் போலவும் மயிலைப் போலவும் நடக்கும் என்றும், பித்தநாடி ஆமையைப் போல நடக்கும் என்றும், ஐயநாடி தவளையைப் போலத் தத்தும் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். இதற்கு அவர்கள் வைத்த பெயர் நாடிநடை.

இங்கே நாங்கள் ஒரு புதுமையைக் கண்டோம். இசையிலும் நடை என்ற சொல் உண்டு. திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்று பாட்டு வகுப்பில் கை போட்டுப் பழகுகிறோம் அல்லவா? மருத்துவர் மணிக்கட்டில் தேடுவதும் நடை. பாடகர் தொடையில் தட்டிக் காப்பதும் நடை. தமிழ்மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆபிரகாம் பண்டிதர் பகலில் நோயாளியின் நாடியைப் பார்த்த அதே விரல்களால் வயலினையும் வாசித்தார். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே. பொறுமையாகக் கேட்கவேண்டும், கேட்டதைத் தவறின்றி எண்ணவேண்டும்.

மேலைநாட்டிலும் இத்தகையோர் இருந்தனர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்னும் மருத்துவர், நாடித்துடிப்பை இசையின் தாளக் கணக்கைக் கொண்டு விளக்கினார். 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் என்னும் கத்தோலிக்க மருத்துவர் புல்லாங்குழல் வாசிப்பவர். பாட்டுக்குப் பழகிய காது, இதயத்தின் ஓசையையும் கூர்ந்து கேட்டது போலும்!

இசைக்கென ஒரு சங்கம்

மருத்துவத்தால் வந்த செல்வத்தைப் பண்டிதர் என்ன செய்தார்? வட்டிக்கு விட்டிருக்கலாம், மாடிமேல் மாடி கட்டியிருக்கலாம். அவரோ அதை இசைக்குச் செலவிட்டார். பிள்ளைகள் இசை கற்க உதவும் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் நூலை 1907இல் வெளியிட்டார். 1912ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது 1928இல். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே பண்டிதர் பெரும் வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து, தம் சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார் என்பது வியப்பிற்குரியது.

அம்மாநாடுகளில் வெறும் கச்சேரி மட்டும் நடக்கவில்லை. கடினமான கேள்வி ஒன்று விவாதிக்கப்பட்டது. ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே அது. வடமொழி நூல்களைப் பின்பற்றியவர்கள் இருபத்திரண்டு என்றனர். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஊன்றிப் படித்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு தமிழ்ச் சுரங்களையும், பழந்தமிழரின் பாலை முறைகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். இருபத்து நான்கு என்பதே சரி என்னும் முடிவுக்கு வந்தார்.

பெரியோர் கூறிவிட்டார்கள் என்பதற்காக அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தாம் கூறியதைப் பிறர் அப்படியே நம்பவேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. பாடிக் காட்டவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும், காது ஒப்பவேண்டும் என்பது அவர் கொள்கை. 1916ஆம் ஆண்டில் பரோடா சமஸ்தானத்தில் அகில இந்திய இசை மாநாடு நடந்தபோது அவர் அங்கே சென்றார். தம் மகள் மரகதவல்லியையும், மருமகள் கனகவல்லி நவமணியையும் உடன் அழைத்துச் சென்றார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த அறிஞர்கள் நிறைந்த சபையில், பண்டிதரின் கொள்கையை அப்பெண்கள் இருவரும் இசைத்துக் காட்டினார்கள். குடும்பப் பெண்கள் மேடையேறுவதை ஊர் விரும்பாத காலம் அது. அக்காலத்தில் தம் வீட்டுப் பெண்களின் குரலையும் விரலையும் சான்றாக முன்வைத்த தந்தையின் துணிவை என்னென்பது! அச்சபையில் இருந்த அனைவரும் அவர் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த விவாதம் அவரோடு முடிந்துவிடவுமில்லை. ஆனால் எதையும் சோதித்துப் பார்த்தே சொல்லவேண்டும் என்னும் நெறியை அவர் நாட்டிவிட்டார்.

அடுத்த ஆண்டு, 1917இல், அவருடைய பேருழைப்பின் கனியான கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்நூலைத் தாம் நிறுவிய அச்சகத்திலேயே அச்சிட்டார். திண்டுக்கல்லில் இளமையில் கற்ற அச்சுத் தொழில் முதுமையில் கைகொடுத்தது. எந்தக் கல்வியும் வீண்போவதில்லை! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், அறுபது வயது நிறைந்த நிலையில் பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். நூலின் இரண்டாம் பகுதி 1946ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து

பண்டிதர் அளந்தது சுருதியை. இசை நம் இதயத்திலும் மூச்சிலும் என்ன செய்கிறது என்பதை அளந்து காட்டிய ஆராய்ச்சிகள் அவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்தன. அவற்றை அவர் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

நம் இதயம் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. பெரியவர்கள் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். நம் முன்னோர் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்கிட்டனர். வகுத்துப் பார்த்தால் நிமிடத்திற்கு 15 வருகிறது. எத்துணைப் பொருத்தம்!

இதயத்திற்குத் தாளம் போடுவது இதயத்திலேயே உள்ள ஒரு சிறு திசுத்தொகுதி. அதை மெதுவாக்கும் கட்டளையை மூளையிலிருந்து வேகஸ் என்னும் நரம்பு கொண்டுவருகிறது. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சிறிது விரைகிறது. வெளியே விடும்போது சிறிது தணிகிறது. பாடும்போது நாம் சட்டென்று மூச்சை இழுத்து, ஓர் அடி முழுவதற்கும் அதை மெல்ல மெல்ல விடுகிறோம். ஆகவே நிதானமான பாட்டு மூச்சை நீளமாக்குகிறது; நீண்ட மூச்சு இதயத்தைத் தணிக்கிறது. தாளத்திற்கும் இதயத்திற்கும் நடுவே பாலமாக இருப்பது நம் மூச்சு.

இத்தாலி நாட்டின் பாவியா பல்கலைக்கழக மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 24 பேரைப் பல வகை இசை கேட்கச் செய்தனர். அவற்றுள் நம் நாட்டு இராகம் ஒன்றும் இருந்தது. விரைந்த இசையைக் கேட்டபோது மூச்சும் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்தன. பிடித்த பாட்டா, பிடிக்காத பாட்டா என்பதைக் காட்டிலும், அதன் வேகமே பெரிதும் வேலை செய்தது. இசை பயின்றவர்களின் மூச்சு அவ்வேகத்தை இன்னும் நன்றாகப் பின்பற்றியது. இசைகளின் நடுவே இரண்டு நிமிட மௌனம் விட்டபோதுதான் உடல் மிகவும் அமைதி அடைந்தது.

அதே பெர்னார்டி குழுவினர் 2001இல் செய்த மற்றோர் ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலையின் மங்கள வார்த்தைச் செபத்தைச் சொல்லச் செய்தனர். யோக மந்திரத்தையும் சொல்லச் செய்தனர். இரண்டின்போதும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயமும் இரத்த ஓட்டமும் அதே சீரில் இயங்கின. ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, மற்றவர் பிற்பகுதியைச் சொல்லும் நம் பாட்டிமார்களின் செபமாலைக்குள் இப்படி ஒரு தாளம் ஒளிந்திருந்திருக்கிறது! சுவீடன் நாட்டில் 2013இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைக் காட்டியது. ஒரே இடத்தில் மூச்சு எடுப்பதே அதற்குக் காரணம்.

நாங்களும் எண்ணிப் பார்த்தோம்

பண்டிதரின் வழி சோதித்துப் பார்க்கும் வழி அல்லவா? எனவே பாட்டு வகுப்பில் சிஸ்டரின் அனுமதியோடு நாங்களும் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மணிக்கட்டில் மற்றவர் விரல் வைத்து, முப்பது விநாடிகளுக்கு நாடியை எண்ணினோம். முதலில் சும்மா இருந்தபோது எண்ணினோம். அடுத்து, விளையாட்டு விழா அணிவகுப்பு முரசை விரைவாக அடிக்கச் சொல்லிக் கேட்டபின் எண்ணினோம். பிறகு திருப்பலியில் நன்மை வாங்கியபின் பாடும் மெதுவான பாடல் ஒன்றைப் பாடிவிட்டு எண்ணினோம். கடைசியாக இரண்டு நிமிடம் கண்மூடி மௌனமாக இருந்தபின் எண்ணினோம்.

எல்லோருக்கும் ஒன்றுபோல் வரவில்லை. மைதானத்திலிருந்து ஓடிவந்து அமர்ந்த ஒருத்திக்குத் தொடக்கத்திலேயே நாடி தடதடவென்று அடித்ததால் அவள் கணக்கைத் தள்ளிவிட்டோம். சிரிப்பை அடக்க முடியாத இருவரின் கணக்கும் குழம்பிவிட்டது. ஆனாலும் எங்களில் பலருக்கு முரசின்பின் எண்ணிக்கை ஏறியது, பாட்டின்பின் தணிந்தது, மௌனத்தின்பின் இன்னும் தணிந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். எனினும் எங்கள் விரலே அறிந்த உண்மையை எங்களால் மறக்க முடியாது.

அன்பார்ந்த பெற்றோர்களே! தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வரும் நொடியில் எங்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். படித்ததெல்லாம் மறந்துபோவது போல் ஒரு கலக்கம் வரும். அந்த நேரத்தில் மூச்சை மெல்ல நீட்டிவிட எங்களுக்குக் கற்றுத் தந்தது பாட்டு வகுப்பே. பாடுவதால் மதிப்பெண் கூடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. படித்ததை எழுதும் அளவுக்கு நெஞ்சு நிதானமாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். மற்ற நேரத்தில் கணக்குப் போடுகிறோம்!

அருமைத் தோழியரே! திண்டுக்கல்லில் வயலின் பயின்ற ஓர் ஏழை ஆசிரியர், மருந்தில் ஈட்டிய பொருளை இசைக்கு வழங்கி, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நினைக்கப்படுகிறார். அவர் பாடலைப் போலவே நாடியையும் கேட்டார். நாடியைப் போலவே பாடலையும் எண்ணினார். கேட்கவும், எண்ணவும், சோதித்து அறியவும் நாமும் கற்போம். இறைவன் நம் நெஞ்சில் ஓயாமல் ஒலிக்கச் செய்திருக்கும் அந்தச் சிறு முரசை நாள்தோறும் ஒரு நிமிடமாவது அமைதியாகக் கேட்போம். ஆபிரகாம் பண்டிதரின் புகழ் வாழ்க!

– பாடகர் குழுவினர் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி